கியர் பாக்ஸ் அடிட்டிவ்: எப்போது ஊற்றலாம், எப்படி ஊற்றுவது

கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது, அல்லது சீராகப் போய்க்கொண்டிருக்கும்போதே லேசாக நடுங்குகிறது. யாரைக் கேட்டாலும் ஒரு பாட்டிலைக் கைகாட்டுகிறார்கள்: கியர் பாக்ஸ் ஆயிலோடு கலக்கும் அடிட்டிவ். மூடியைத் திறந்து ஊற்றினால் போதும், கியர் பாக்ஸ் புதுசு போல ஆகிவிடும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்கும் செலவுக்கு முன்னால் அந்தப் பாட்டிலின் விலை ஒன்றுமே இல்லை. ஊற்றித்தான் பார்ப்போமே என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

அந்தப் பாட்டில்களில் சில உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அவை தீர்க்கிற கோளாறுகள் இரண்டு மூன்றுதான். உங்கள் வண்டியில் இருப்பது அதில் ஒன்றா என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும். அதனால் இங்கேயும் ஊற்றும் படலம் பின்னால்தான் வரும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

பாட்டிலில் ‘டிரான்ஸ்மிஷன்’ என்று பொதுவாகப் போட்டிருக்கும். வண்டிகளிலோ அது ஐந்தாறு வகை. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. எனவே முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: என்ன வகை கியர் பாக்ஸ், அதற்கு என்ன ஆயில்.

கடையில் கிடைக்கும் அடிட்டிவ்களில் பெரும்பாலானவை டார்க் கன்வர்ட்டர் வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக்குக்காகச் செய்யப்பட்டவை. அதில் ஓடும் ஆயிலை ஏ.டி.எஃப். என்பார்கள். எஞ்சினின் விசையைக் கன்வர்ட்டர் வழியாகக் கடத்துவது, அழுத்தம் கொடுத்து க்ளட்ச் தட்டுகளைப் பிடிக்க வைப்பது, பல்சக்கரங்களுக்கு வழவழப்புத் தருவது, சூட்டை வெளியே கொண்டுபோவது, இத்தனை வேலையும் அந்த ஒரே ஆயிலுக்குத்தான். இவ்வளவு வேலை பார்க்கிற ஆயில் என்பதால்தான் அதில் ஒரு சின்ன மாற்றம் கூட ஓட்டும்போது தெரிகிறது.

சி.வி.டி. வேறு கதை. அதில் கியர் படிகளே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட்டோ சங்கிலியோ ஓடுகிறது. புல்லியும் பெல்ட்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் வண்டி நகரும். அந்தப் பிடிப்பை மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான் காப்பாற்றுகிறது. ‘உராய்வைக் குறைக்கும்’ என்று பெருமையாகச் சொல்லும் பாட்டிலை இதில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியின் முகத்தில் கீறல் விழும். சி.வி.டி.க்கு என்றே தெளிவாக எழுதாத எதையும் அதில் ஊற்றாதீர்கள். எழுதியிருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

ஏ.எம்.டி. வண்டிக்காரர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். க்ளட்ச்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது, அவ்வளவே. கியர் மாறும்போது தலை ஆடுவது அதன் சுபாவம். க்ளட்ச் தட்டு ஆயிலில் நனையவே நனையாது. நனையாத ஒன்றை ஆயிலில் எதைக் கலந்தும் சரிசெய்ய முடியாது. இரட்டை க்ளட்ச் பெட்டிகளில் உலர் க்ளட்ச் வகைக்கும் இதே பதில்தான். ஈர க்ளட்ச் வகை என்றால் அதற்கென்று தனி ஆயில் உண்டு. அதைக் காலாகாலத்தில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மேனுவல் கியர் பாக்ஸையும் பைக்கையும் கடைசியில் பார்ப்போம்.

ஆயிலுக்குள்ளேயே இருப்பவை

புதிதாக வாங்கும் ஏ.டி.எஃப். என்பது வெறும் எண்ணெய் இல்லை. தேய்மானத்தைத் தடுக்கும் பொருள், நுரை வராமல் காக்கும் பொருள், சூட்டில் ஆயில் கெட்டுப்போகாமல் பார்க்கும் பொருள், அழுக்கை ஓரிடத்தில் படியவிடாமல் மிதக்க வைக்கும் பொருள், ரப்பர் சீலைச் சுருங்கவிடாத பொருள் என்று ஒரு கூட்டமே உள்ளே இருக்கிறது. இவற்றில் நமக்கு முக்கியமானது ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர். க்ளட்ச் தட்டுகள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அது கூடினால் தட்டு வழுக்கும். குறைந்தால் வெடுக்கென்று பிடிக்கும்.

ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதன் பயன்பாட்டுக்குத் தடை வந்த பிறகுதான் ஆயில் நிறுவனங்கள் மாற்றுப் பொருளைத் தேடி ஓடின. இன்று விற்கிற சில நல்ல அடிட்டிவ்களின் மூலப்பொருளும் அந்தத் தேடலில் பிறந்ததுதான்: திமிங்கிலக் கொழுப்பின் குணத்தைத் தாவர எண்ணெயிலிருந்து வரவழைத்த திரவ மெழுகு எஸ்டர்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் க்ளட்ச் தட்டுக்கு ஏற்ற அளவில் இந்தக் கலவையை வகுத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான், ஃபோர்டின் மெர்கான், டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., ஹோண்டாவின் டி.டபிள்யூ-1 எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினாலே கியர் மாறும் விதம் மாறிவிடும். ஃபோர்டின் பழைய ‘டைப் எஃப்’ ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரே கிடையாது. அதற்காகச் செய்த பெட்டிகளில் அது கச்சிதமாக உட்காரும். டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் ஊற்றினால் ஒவ்வொரு கியரும் முதுகில் குத்துவது போல விழும்.

கெட்டித்தன்மையும் அப்படித்தான். பழைய டெக்ஸ்ரான்-3 ஆயில் 100 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 7 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும். 2005-ல் வந்த டெக்ஸ்ரான்-6 சுமார் 6. இப்போதைய பத்து கியர் பெட்டிகள் சிலவற்றுக்கான ஆயில் 4.5 வாக்கில்தான் இருக்கிறது. கெட்டியான சிரப் போன்ற அடிட்டிவ்களைப் பற்றிப் பேசும்போது இந்த எண்கள் தேவைப்படும்.

ஊற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலில் அளவு. கியர் வழுக்குவது, போடத் தாமதமாவது, திருப்பத்தில் இழுவை விட்டுப்போவது போன்ற புகார்களில் நிறைய, வெறும் ஆயில் குறைவால் வருபவை. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள வண்டி என்றால் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடேற்றுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, காலையும் பிரேக்கில் வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போதே லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி மீண்டும் ‘பார்க்’கிற்குக் கொண்டுவாருங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் ஒரு பக்கத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். குறைவாகக் காட்டும் பக்கமே சரி. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டா போன்ற சிலவற்றில் அணைத்த உடனே பார்க்க வேண்டும். கையேட்டில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படி.

ஆயில் குறைந்திருந்தால் அதே ஆயிலை ஊற்றி நிரப்பி இரண்டு நாள் ஓட்டுங்கள். புகார் போய்விட்டால் அடிட்டிவ் தேவையில்லை. ஆனால் ஆயில் எங்கே போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும், ஏனென்றால் ஆயில் கியர் பாக்ஸில் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் பொருள்.

அடுத்து ஆயிலின் நிலை. டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். நல்ல ஆயில் அகலமாக, ஒரே நிறமாகப் பரவும். கெட்ட ஆயில் நடுவே கரும்புள்ளியாகத் தங்கி, சுற்றிலும் மெல்லிய வளையம் விடும். மூக்கருகே கொண்டுபோங்கள். கருகல் வாடை அடித்தால் க்ளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தீய்ந்திருக்கின்றன. விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மணல் போல நறநறவென்றால் உள்ளே உலோகமோ தட்டின் தூளோ உதிர்கிறது. இந்த இரண்டுக்கும் எந்தப் பாட்டிலும் பதில் இல்லை. நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். சிவப்பு என்பது அடையாளத்துக்காகச் சேர்த்த சாயம்தான். சில ஆயில்கள் ஆரோக்கியமாக இருக்கும்போதே சீக்கிரம் பழுப்பாகிவிடும், சில பிறவியிலேயே பச்சை அல்லது நீலம்.

ரோஸ் நிறத்தில் பால் கலந்தது போல இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கியர் பாக்ஸுக்குள் வந்திருக்கிறது. க்ளட்ச் தட்டில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ட் கரைத்துவிடும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சேதம் கூடும்.

மூன்றாவது, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர். டேஷ்போர்டில் விளக்கு எரியாவிட்டாலும் ஒருமுறை செருகிப் பார்ப்பது நல்லது. பி0700 என்று வந்தால் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல வருகிறது, உள்ளே இன்னொரு குறியீடு இருக்கும் என்று பொருள். பி0750 போன்றவை சோலனாய்டை, அதாவது ஆயில் போகும் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வைக் காட்டும். பி0741 கன்வர்ட்டரின் லாக்-அப் க்ளட்ச் (சீராக ஓடும்போது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேரடியாகப் பிணைப்பது) சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லும். சோலனாய்டின் சுருள் அறுந்திருந்தால் அது மின்கோளாறு, ஆயிலுக்கு அதில் வேலையில்லை. வால்வில் பிசின் படிந்து சிக்குவதால் வந்த கோளாறு என்றால் புது ஆயிலும் சுத்தம் செய்யும் அடிட்டிவும் சில சமயம் உதவும்.

நான்காவது, நடுக்கத்தைச் சோதிப்பது. அடிட்டிவ் உண்மையில் ஜெயிக்கிற இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மணிக்கு 50-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மட்டும் மிதித்துப் போகும்போது, வரிவரியாகப் போட்ட வேகத்தடைமேல் ஓடுவது போல ஒன்றிரண்டு நொடி அதிர்ந்து நின்றுவிடும். அதைத்தான் ஷடர் என்கிறார்கள். லாக்-அப் க்ளட்ச் முழுதாகப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், பிடித்து வழுக்கிப் பிடித்து வழுக்குவதால் வரும் அதிர்வு அது. பழைய ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் தீர்ந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆனால் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆனாலும், அதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாவிட்டாலும், கிட்டத்தட்ட இதே போலத்தான் இருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. பின்னால் வண்டி வராத நேரான சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை வேகம் குறையாத அளவுக்கு மெல்லத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்ததும் பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் க்ளட்ச் தானாக விடுபடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் குற்றவாளி லாக்-அப்தான். நிற்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள். இடது காலுக்கு பிரேக் பழக்கமில்லை என்றால் இந்தச் சோதனையைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். க்ளட்ச் என்று நினைத்து அழுத்திவிட்டால் வண்டி அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று: நின்ற இடத்தில் லீவரை ‘டி’க்குத் தள்ளும்போது ‘டொக்’கென்று அடித்தால் எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பரையும் பாருங்கள். கிழிந்த மவுன்ட்டுக்காகக் கியர் பாக்ஸில் மருந்து ஊற்றுபவர்கள் நிறையப் பேர்.

எந்தக் கோளாறுக்கு எந்தப் பாட்டில்

ஷடர் உறுதியானால், ஷடர் தடுப்பு அடிட்டிவ் வாங்கலாம். சின்னக் குழாயில், செறிவான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையராக வரும். இது வேலை செய்தால் அன்றைக்கே, அதிகம் போனால் சில நூறு கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும். தெரியவில்லையா, இரண்டாவது குழாயை ஊற்றக் கூடாது. கூடுதல் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் மற்ற க்ளட்ச்சுகளையும் வழுக்க வைக்கும்.

சீலிலிருந்து மெல்லக் கசிகிறது என்றால் சீல் கண்டிஷனர். முதுமையில் இறுகிச் சுருங்கிய ரப்பரை இது கொஞ்சம் உப்ப வைக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று வார ஓட்டமாவது ஆகும். கிழிந்த சீல், விரிசல் விட்ட பெட்டி, தளர்ந்த கூலர் குழாய், பானின் (பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கேஸ்கெட் எதையும் இது ஒட்டாது. அதனால் முதலில் வண்டியின் அடியைத் துடைத்துவிட்டு, ஒருநாள் ஓட்டி, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கீழே பாருங்கள். கசிவு எப்போதும் சொட்டும் இடத்தில் தொடங்குவதில்லை; காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். கியர் பாக்ஸின் காற்றுப்போக்கி அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீலும் கசியும். அது ஒரு ஊசியால் குத்தி எடுக்கிற வேலை. கசிவே இல்லாத வண்டியில் முன்னெச்சரிக்கையாக இதை ஊற்றுவது வீண். நல்ல ரப்பரும் தேவையில்லாமல் மெத்தென்று ஆகும்.

வால்வில் படிந்த பிசினைக் கரைக்கும் கிளீனர்கள் மூன்றாவது வகை. ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்னால் ஊற்றி, பாட்டிலில் சொன்ன தூரம் ஓட்டிவிட்டு, மொத்தத்தையும் வடித்துவிட வேண்டும். அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

நான்காவது வகை, தேன் போலக் கெட்டியான ‘ஆல் இன் ஒன்’ பாட்டில்கள். வழுக்கும் கியரை நிறுத்தும் என்பார்கள். ஆயிலைக் கெட்டியாக்கி அழுத்தம் கசிவதைக் குறைப்பதுதான் இதன் வேலை. தேய்ந்துபோன பழைய பெட்டியை இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட இது உதவலாம். 4.5 சென்டிஸ்டோக்கில் ஓட வேண்டிய புதிய பெட்டியில் ஊற்றினால் குளிர்ந்த நிலையில் கியர் விழவே தாமதமாகும். விற்கப்போகிற வண்டியில் ஊற்றுவதற்கென்றே இதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது டிப்ஸ்டிக்கில் ஆயில் நூலாக இழுத்தால் கேள்வி கேளுங்கள்.

டெஃப்லான் துகள் போட்டவை, ‘எந்த ஆயிலையும் எந்த ஆயிலாகவும் மாற்றும்’ பாட்டில்கள் இரண்டையும் நான் தொடமாட்டேன். திடமான துகளுக்கு, ஆயிலை ஒவ்வொரு க்ளட்ச்சுக்கும் திருப்பிவிடும், முடி அகல ஓட்டைகள் கொண்ட வால்வு பாடிக்குள் வேலையில்லை. இந்தச் சந்தையில் பேச்சு அதிகம். 1990-களில் எஞ்சின் ஆயில் அடிட்டிவ் நிறுவனங்கள் சிலவற்றின் மேல், நிரூபிக்காத விளம்பரத்துக்காக அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. பாட்டிலில் சதவீதக் கணக்கு பெரிதாக இருந்தால் சந்தேகமும் அதே அளவு இருக்கட்டும்.

பிரேக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால் சீல் உப்பிக் கசிவு நிற்கும் என்று ஒரு பழைய யோசனை இன்னும் சுற்றுகிறது. நிற்கும், சில நாள். அப்புறம் அதே ரப்பர் கொழகொழவென்று ஊறி, உள்ளே இருக்கும் க்ளட்ச் பிஸ்டன் சீல்களும் சேர்ந்து போகும்.

அதற்கும் முன்னால், ஆயிலை மாற்றுங்கள்

வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி ஆயில் ஒருமுறை கூட மாற்றவில்லை என்றால், அடிட்டிவுக்கு முன்னால் சரியான புது ஆயிலைப் போடுங்கள். தீர்ந்துபோன ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரோடு மற்றெல்லாமும் சரியான அளவில் புதிதாக வந்துவிடும். லேசான ஷடர் பல வண்டிகளில் இதோடு நின்றுவிடுகிறது.

ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். மொத்தம் 9 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் டிரெயின் பிளக்கைத் திறந்தால் 3 லிட்டர் வாக்கில்தான் வரும். மீதி கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு புதுசு. நடுவே கொஞ்சம் ஓட்டி இன்னொருமுறை மாற்றினால் 56 சதவீதம், மூன்றாவது முறை 70 சதவீதம். மெஷின் வைத்து அழுத்தத்தோடு ஃப்ளஷ் செய்வதை விட, கவனிக்காமல் விட்ட பழைய பெட்டிக்கு இந்த மெதுவான முறையே பாதுகாப்பானது.

பானைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் குழைவாக, மாவு போல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் சிக்குகிற செதில்களோ ஊசி போன்ற துண்டுகளோ இருந்தால் அடிட்டிவ் வாங்க வைத்த பணத்தை அப்படியே வைத்திருங்கள், தேவைப்படும்.

‘ஆயிலை மாற்றினால் பழைய கியர் பாக்ஸ் செத்துவிடும்’ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பெட்டி ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயில் மாற்றும் எண்ணமே வருகிறது. தட்டு தேய்ந்து முடிந்திருக்கும். பழி புது ஆயில் மேல் விழும்.

ஊற்றும் முறை

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம். பல நிறுவனங்களின் கையேடுகள் அடிட்டிவ் வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கின்றன. புகாரை சர்வீஸில் எழுதிக் கொடுங்கள்.

1. அளவைக் கணக்கிடுங்கள். பல பாட்டில்கள் லிட்டருக்கு 30 மில்லி அளவில் போடச் சொல்கின்றன; 8 லிட்டர் பெட்டிக்கு 240 மில்லி. பாட்டிலில் 300 மில்லி இருக்கிறதே என்று முழுதும் கவிழ்க்காதீர்கள். கணக்கிட வேண்டியது கன்வர்ட்டர் உட்பட மொத்தக் கொள்ளளவை, வடித்த அளவை இல்லை. லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிள்தான் சரி.

2. அதே அளவு பழைய ஆயிலை முதலில் வெளியே எடுங்கள். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பல வண்டிகளில் அரை லிட்டர் வித்தியாசம் கூட இருக்காது. மேல்கோட்டில் நிற்கும் ஆயிலோடு கால் லிட்டர் சேர்த்தால் சுழலும் பாகங்கள் ஆயிலில் உரசி அதை நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. ஆயில் குறைந்தால் என்ன கோளாறு வருமோ அதேதான் கூடினாலும் வரும். மெல்லிய குழாய் மாட்டிய ஒரு பெரிய சிரிஞ்சு இருந்தால் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே உறிஞ்சிவிடலாம். ஆயில் மாற்றும் நாளிலேயே அடிட்டிவையும் சேர்ப்பது இன்னும் சுலபம்.

3. எஞ்சின் சூடாக, ‘பார்க்’கில் ஓடிக்கொண்டிருக்கட்டும். டிப்ஸ்டிக் குழாயின் வாயைச் சுற்றித் துடைத்துவிட்டு, நீண்ட மூக்குள்ள சுத்தமான புனலை வையுங்கள். எஞ்சின் ஆயிலுக்குப் பயன்படுத்திய புனல் வேண்டாம். மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் கையோ சட்டைக் கையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. லீவரை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி எடுங்கள். மறுபடி அளவு பாருங்கள்.

5. அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிதானமாக, எல்லாக் கியரும் மாறும்படி, அப்புறம் நடுக்கம் வந்த அதே வேகத்தில் கொஞ்ச நேரம். திரும்பி வந்ததும் இன்னொருமுறை அளவையும் வண்டியின் அடியையும் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகள் இப்போது அதிகம். அவற்றில் வண்டியை மட்டமாகத் தூக்கி, ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பக்கவாட்டு பிளக்கைத் திறந்து, நிரம்பி வழிந்து சொட்டாக மாறும்போது மூட வேண்டும். அந்தச் சூடு பல பெட்டிகளுக்கு 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும். ஸ்கேனரில் பார்த்தே செய்ய வேண்டும். முதல்முறை செய்பவர் ஜாக்கியை நம்பித் தனியாக அடியில் படுத்துச் செய்கிற வேலை இல்லை இது. லிஃப்ட் உள்ள பட்டறையில் ஆயில் மாற்றச் சொல்லி, அடிட்டிவைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்றைய கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் பழைய ஆயிலின் குணத்துக்கு ஏற்ப அழுத்தத்தைப் பழக்கி வைத்திருக்கும். புது ஆயில் வந்ததும் சில நாள் கியர் விழுவது விநோதமாக இருக்கலாம். ஸ்கேனரில் அந்தப் பழக்கத்தை அழித்து மறுபடி கற்க வைக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. பட்டறையில் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் ஆயில் சீக்கிரமே கருத்துப்போகிறது என்றால் சூட்டைப் பாருங்கள். சாதாரணமாக 80-லிருந்து 95 டிகிரிக்குள் ஓட வேண்டிய ஆயில், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. சுமை இழுக்கிற, மலையேறுகிற வண்டிக்குத் தனி ஆயில் கூலர் ஒன்றை மாட்டுவது எந்தப் பாட்டிலை விடவும் பிரயோஜனம்.

மேனுவலும் பைக்கும்

மேனுவல் பெட்டியில் இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால், ஆயில் கெட்டி அதிகமோ தரம் மாறியதோ என்று முதலில் பாருங்கள். ஜி.எல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பெட்டியில் ஜி.எல்-5 ஊற்றினால், அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் கியர் போடும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். சிங்க்ரோ வளையம் உராய்வில்தான் வேலை செய்கிறது. உராய்வைக் குறைக்கும் அடிட்டிவ் ஊற்றினால் லீவர் வழவழப்பாக நகரும், பல்சக்கரம் கறகறவென்று கத்தும்.

நிறுவனமே அடிட்டிவ் போடச் சொல்லும் இடமும் ஒன்று உண்டு: க்ளட்ச் தட்டு வைத்த லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பல்சக்கரப் பெட்டி. கியர் ஆயிலோடு ஒரு சின்னக் குப்பி ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்க்கச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கும். சேர்க்காவிட்டால் மெதுவாக வளைத்துத் திருப்பும்போது பின்பக்கம் கடகடக்கும். சில ஆயில்களில் அது ஏற்கெனவே கலந்தே வரும். அப்போது மறுபடி ஊற்ற வேண்டாம்.

பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், க்ளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. அதற்காகவே ஜப்பானில் ஜாசோ எம்.ஏ., எம்.ஏ2 என்ற தரங்களை 1990-களின் கடைசியிலிருந்து வகுத்து வைத்திருக்கிறார்கள். க்ளட்ச் வழுக்காத அளவு உராய்வு உள்ள ஆயில் என்று அர்த்தம். காருக்கான எஞ்சின் அடிட்டிவை இதில் ஊற்றினால் மேட்டில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தம் ஏறும், வண்டி ஏறாது. ஊற்றிவிட்டீர்கள் என்றால் உடனே வடித்து, சரியான ஆயிலைப் போட்டு, சில நூறு கிலோமீட்டருக்குப் பின் இன்னொருமுறை மாற்றுங்கள். தட்டு ஊறிய ஆயில் வெளியேறினால் க்ளட்ச் பெரும்பாலும் பழைய பிடிப்புக்கு வந்துவிடும்.

எந்த வண்டியில் என்ன ஊற்றினாலும், பாட்டிலின் லேபிளைப் படமெடுத்து, தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பின்னால் பெட்டியைப் பிரிக்க நேர்ந்தால் மெக்கானிக் முதலில் கேட்கப்போவது உள்ளே என்ன இருக்கிறது என்றுதான்.